இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் கடை

ஹாஜா மைதீன் பாய் காகிதக் கட்டை நேராக மிஷினில் வைக்கமாட்டார். முதலில் லேசாக வளைப்பார். கட்டைவிரலால் ஓரத்தைச் சர்ரென்று விடுவார். பிறகு காதருகே கொண்டுபோய் இன்னொரு முறை. ஈரம் இருந்தால் சத்தம் மழுங்கும் என்பார். ஈரக் காகிதம் உள்ளே போனால் மிஷின் பாதியில் கடித்துக்கொள்ளும். கிழக்குத் தாம்பரத்தில் அவர் ஜெராக்ஸ் கடை வைத்து இருபத்திரண்டு வருடம்.

இந்த வருடம் அவருக்கு வயிற்றில் புற்றுநோய். ஆபரேஷனுக்கு முன் நான்கு தடவை கீமோ. இரண்டு முடிந்திருந்தது. தடவைக்கு மூன்று மருந்து. இரண்டு சில மணி நேரத்தில் ஏறிவிடும். மூன்றாவதுதான் பேஜார். இடுப்புப் பையில் ஒரு பம்ப், அதிலிருந்து நெஞ்சுக்கு ஒரு குழாய், இருபத்துநாலு மணி நேரம் சொட்டுச் சொட்டாக. சாப்பாடு சிரமமில்லாமல் இறங்க ஆரம்பித்ததும், இனிமேல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி சித்திகா அக்கா கடைக்கே வந்து கெஞ்சியதை, கவிதைப் பக்கங்களை நகலெடுக்கப் போன நான் ஓரமாக நின்று கேட்டிருக்கிறேன். பாய் அடுத்த காகிதக் கட்டைக் காதருகே கொண்டுபோனார்.

மூன்றாவது தடவைக்கு முந்தைய நாள், நானும் கடையில் இருந்தபோது, பார்மசி படிக்கும் ஸ்நேகா தன் நோட்ஸில் எட்டு செட் கேட்டாள். முதல் பக்கம் வெளியே வந்ததும் பாயின் கை நின்றது. அதில் ஒரு வட்டம். செல் வளர்வது, தன் டிஎன்ஏவை நகலெடுப்பது, சரிபார்ப்பது, இரண்டாகப் பிரிவது என்று நான்கு கட்டம். அம்புக்குறி போட்டு மருந்துப் பெயர்கள். பாய் தன் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து ஒப்பிட்டார்.

“இன்னாம்மா, என் மருந்தெல்லாம் உன் நோட்டுல கீது?”

ஸ்நேகா முதலில் திகைத்தாள். பிறகு பேனாவை எடுத்துவிட்டாள். ஒரு மருந்து எந்தக் கட்டம் என்று பார்க்காமல் டிஎன்ஏவையே தாக்கும். இன்னொன்று, செல் பிரியும்போது இருபுறமும் இழுக்கும் நூல்களை விறைக்க வைத்துவிடும். பம்பில் வருவது முக்கியமாக நகலெடுக்கும் நேரத்தில்தான் பிடிக்கும். நகலுக்கு வேண்டிய சரக்கைக் கிடைக்கவிடாது.

“அப்ப அத்த அரை மணில மொத்தமா ஏத்திட்டா?”

“எல்லா செல்லும் ஒரே நேரத்துல காப்பி எடுக்காது அங்கிள். ஒண்ணு இப்போ, ஒண்ணு நாளைக்குக் காலைல. மருந்து ரத்தத்துல நிக்கறதோ கொஞ்ச நேரம்தான்.”

பாய் எழுந்தே விட்டார்.

“அப்ப அது நம்ம கடைம்மா. பார்ட்டி எப்ப காப்பி எடுக்க வருவான்னு தெரியாது. ஷட்டரை எறக்காம உக்காந்துகினு இருக்கணும். வர்றவனுக்கெல்லாம் ஈரப் பேப்பர்.”

ஸ்நேகா சிரித்துவிட்டாள்.  ஆதார் நகலுக்கு வந்தவரையும் நிறுத்தி வட்டத்தைக் காட்டினார் பாய். அவர், கார்டைக் குடுங்க பாய், ரயிலுக்கு நேரமாச்சு என்று தவித்தார். ஒன்பதாவதாக ஒரு செட் பாய்க்கே எடுத்துக்கொண்டார். பிறகு வீட்டுக்கு போன் போட்டு, நாளைக்குப் போறோம், பம்பு முழுசா ஓடட்டும் என்றார். 

மறுவாரம் அக்காதான் சொன்னார். அவருக்கே நர்ஸ் பச்சையம்மா சொல்லித்தான் தெரியுமாம். இரண்டாவது தடவை, பம்ப் மாட்டிய அன்று சாயங்காலமே பாய் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், தன் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கழற்றிவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் முழுக்க, வீட்டில் தெரிந்துவிடக் கூடாது என்று வெறும் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.