கோயில் போச்சு அக்கா

அக்காவை அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பூசைக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். உம்பாய் ஊரைத் தாண்டுவதற்குள் காடி, அதாவது என் கார், குலுங்கத் தொடங்கிவிட்டது. திருப்பி, பாச்சாங்கில் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கே மெல்ல ஓட்டிப் போனேன்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, "கோயில் போச்சு அண்ணே" என்றார். பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் இக்னிஷன் காயில், எங்கள் பேச்சில் கோயில்தான்.

என் பழைய காடியில் ஒரு காயிலுக்கு இரண்டு பிளக். இரண்டிலும் ஒரே நேரத்தில் பொறி அடிக்கும். ஒரு சிலிண்டரில் அழுத்தி வைத்த பெட்ரோல் பற்றிக்கொள்ளும். மற்றது அப்போது புகையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்; அங்கே அடிக்கும் பொறி வீண். அடுத்த சுற்றில் முறை மாறும். ஆகவே ஒரு காயில் செத்தால் இரண்டு சிலிண்டரும் படுத்துவிடும்.

அக்கா மெர்லிமாவ் பக்கம் தோட்டத்து வீட்டில்தான் இன்னும் இருக்கிறாள். தோட்டத்துக் கோயிலில் மாரியம்மனுக்கு ஒன்று, வெளியே முனியாண்டிக்கு ஒன்று என்று தினமும் விளக்கேற்றுவது அவள். தோட்டத்தை விற்றாகிவிட்டது. கோயில் நிற்குமா என்று வாங்கிய கம்பெனியோடு பேசவேண்டியவன் கோயில் கமிட்டிச் செயலாளரான நான்.

எரிச்சலோடு அவளுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, கோயில் போச்சுலா. கழட்டிப் போட்டுட்டாங்க. வேற வைக்கணும். நான் இன்னிக்கி வரல."

அதோடு விடாமல், மெக்கானிக்கிடம் புதிதாகக் கற்றதையும் அளந்தேன். "ரெண்டு எடத்துல நெருப்பு வைக்குது. ஒன்னு வேஸ்டுதானே!"

அதற்குப் பிறகு அவள் போனை எடுக்கவில்லை. காடி சரியானதும் மனசு கேட்காமல் கிளம்பிப் போனேன். சாயங்காலம் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் உலையை அப்படியே விட்டு ஓடிவந்தவள், கோயில் நிற்பதைப் பார்த்த பிறகும் வீட்டுக்குப் போகவில்லை.

விஷயம் புரிந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் சொன்னது காடி கோயில்க்கா!"

அவள் சிரிக்கவில்லை.

"தப்பாக் கேட்டது என் காதுதான். ஆனா தம்பி, நீ அப்படிப் பேசமாட்டேன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

வெட்கத்தில் காது சுட்டது. ஆளில்லாத தோட்டத்தில் இரண்டு விளக்கு எதற்கு என்று கமிட்டியில் கேட்டவன் நான்தான். அது அவள் காதுக்கு எப்போதோ எட்டியிருக்க வேண்டும்.

"வந்ததுதான் வந்த, முனியாண்டி வெளக்குக்கு எண்ண ஊத்து" என்றாள்.

எண்ணெய் எங்கே இருக்கிறது என்று செயலாளர் அவளிடம் கேட்க வேண்டியிருந்தது.