நனைந்த சட்டைக் கணக்கு

போன வாரம் என் மருமகன் ரிஸ்வி மழையில் தெப்பமாக நனைந்து வந்தார். சட்டையைக் கழற்றி என் சாய்மனைக் கதிரையின் முதுகில் போட்டார். போனில் மட்டும் ஒரு துளி படவில்லை. அதைச் சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருக்கிறார். மனிதன் நனையலாம், போன் நனையக் கூடாது, அப்படி ஒரு காலம்.

தேத்தண்ணி வருவதற்குள் அந்தப் போனில் இரண்டு வெளிநாட்டு உதைபந்தாட்டக்காரர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். இரண்டு பேரும் நடுவில் நின்று முன்னுக்குப் பந்து கொடுக்கிறவர்கள். கோல் எத்தனை, கோலுக்குக் கொடுத்த பந்து எத்தனை, சரியாகப் போய்ச் சேர்ந்த பந்து எத்தனை என்று கோடு கோடாக இருந்தது. ஒருவருக்கு எல்லாம் பச்சை. மற்றவருக்கு ஓர் இடத்தில் நீளமாகச் சிவப்பு.

"இவரு பந்தத் தொலைக்கிறது கூட மாமா. மத்தவருதான் நல்லம். இதில எல்லாக் கணக்கும் ஈக்கி."

"எந்த இடத்துல வெச்சுத் தொலைக்கிறாரு? அதுவும் ஈக்கா?"

அது இருக்கிறதா என்று மருமகன் போனைத் தடவித் தேடத் தொடங்கினார். என் மூக்கிலோ நனைந்த சட்டையின் வாசம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வாசம் வந்தால் எனக்கு வயது நிற்காது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன். மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று அடுத்தவன் சாக்கைச் சுமந்துதான் உக்குவளையில் இந்தக் கடையை வைத்தேன், மேல்வீடும் கட்டினேன். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய பெருமை ஒன்று என்னிடம் உண்டு. எங்கள் காலத்தில் இந்த ஊரிலேயே அதிகம் நனைந்த ஆட்டக்காரன் நான்.

சிரிக்காதீர்கள். எங்கள் மைதானத்தில் ஒரு பக்கத்துக் கோலுக்குப் பின்னால் ஆறு ஓடும். எங்களிடம் பந்து ஒன்றே ஒன்றுதான். ஆகவே, யாருடைய காலால் பந்து ஆற்றுக்குப் போனதோ அவரே குதித்து எடுத்துவர வேண்டும் என்பது சட்டம். ஆட்டத்தைப் பார்க்காதவர்கள்கூட, அஸர் தொழுதுவிட்டுச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, வீடு திரும்புகிற எங்கள் சட்டைகளைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். காய்ந்த சட்டைக்காரன் கெட்டிக்காரன். ஈரச் சட்டைக்காரன் உதவாக்கரை.

அங்கேதான் அவர்கள் பிழைவிட்டார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குப் பந்தைத் தள்ளிவிடுகிறவன் எப்படி நனைவான்? கோல் வாசலில் இரண்டு தடியன்களுக்கு நடுவால் பந்தை நுழைக்கப் பார்க்கிறவன்தான் நனைவான். நூலளவு பிசகினால் ஆறு.

மாத்தளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், சிவபாலன் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வேலை பார்த்தார். உத்தியோகத்தர் அணியில் நான் நின்ற அதே நடு இடத்தில் நின்றவர். அழகான ஆட்டம், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஆட்டம் முடிந்தும் தலை வகிடு கலையாமல் போகிற மனிதர்.

மாவட்ட அணியில் அந்த இடம் வெறுமையான போது, ஆள் எடுக்கிறவர்கள் ஒரு சனிக்கிழமை எங்கள் மைதானத்துக்கு வந்தார்கள். எங்கள் அணியும் உத்தியோகத்தர் அணியும் மோதின. அவரா, நானா என்பதுதான் கேள்வி. எங்கள் முன்வரிசையில் ஓடுகிற காமினி என் தோளைப் பிடித்து, இன்றைக்கு மட்டும் பக்கத்தில் தள்ளு, நனையாமல் இரு, இடம் உனக்குத்தான் என்று சிங்களத்தில் கெஞ்சினான். எனக்கும் ஆசை இல்லாமலா? மாவட்டச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னைச் சாக்குத் தூக்க விட்ட முதலாளியின் கடை வாசலால் ஒரு தரம் நடக்க வேண்டும் என்று கிடந்தேன்.

பந்து காலுக்கு வந்தது. காமினி ஓடுகிறான். ஓடுகிறவனை விட்டுவிட்டு நிற்கிறவனுக்குக் கொடுக்க என் காலுக்குத் தெரியாது.

குதித்தேன். ஏறி வந்தேன். மறுபடியும் குதித்தேன். களிசான் காலோடு ஒட்டிக்கொண்டு கல்லாகக் கனத்தது. "மீன் புடிக்கவாடா வந்த?" என்று கரையிலிருந்து ஒருவன் கேட்டான். பிறகு ஒரு பந்து போனது பாருங்கள், அந்த இரண்டு தடியன்களுக்கும் நடுவால். காமினி காலை நீட்டியதுதான் தாமதம், பந்து உள்ளே. அன்றைக்கு விழுந்த ஒரே கோல் அதுதான்.

ஆட்டம் முடிந்து எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆள் எடுக்க வந்தவர்களின் தலைவர், சிவபாலனின் மடிப்புக் கலையாத சட்டையைப் பார்த்தார். பிறகு என் காலடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இந்தாங்க மாமா," என்று ரிஸ்வி போனை நீட்டினார். சிவப்புக் கோடு விழுந்தவர் தொலைத்த பந்தெல்லாம் எதிராளியின் கோலுக்கு முன்னால்தான் தொலைந்திருந்தது. கோலுக்கு வாய்ப்பு உண்டாக்கியவர் யார் என்று கீழே இன்னொரு கோடு. அதில் சிவப்புக்காரர்தான் நீளம். மெஷினுக்கு விளங்க இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. பரவாயில்லை, பிந்தி வந்தாலும் என் பக்கம் வந்து சேர்ந்ததே.

மறுநாள் சிவபாலன் கடைக்கு வந்தார். பென்சன் எடுத்த பிறகும் மாத்தளையிலேயே தங்கிவிட்டவர். மருமகனின் போனை வாங்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக, கோடு கோடாகப் பார்த்தார்.

"உதெல்லாம் சரி முதலாளி. மாவட்டத்துக்கு விளையாடினது ஆர்?"

"நீங்கதான். ஆத்துக்குப் பயந்த ஆளு. அந்தப் பயத்துலதானே வலையும் கட்டினீங்க?"

"பிள்ளையளுக்குத் தடிமன் காய்ச்சல் வரும் எண்டு கட்டினனான்," என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

மைதானக் குழுவுக்குத் தலைவராக இருந்தபோது கோலுக்குப் பின்னால் அந்த உயரமான வலையைப் போட்டவர் அவர்தான். வேறு யார் போடுவார்?

இப்போதும் பின்னேரங்களில் போய் நிற்கிறேன். காலில் நல்ல சப்பாத்து, நல்ல பந்து, பையன்களும் நன்றாகத்தான் ஆடுகிறார்கள். பந்து வலையில் பட்டுத் துள்ளித் திரும்பி வந்துவிடுகிறது. ஆறு வெறுமனே ஓடுகிறது. தெருவால் வீடு திரும்புகிற சட்டையெல்லாம் ஒரே மாதிரிக் காய்ந்திருக்கிறது. அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் ஆளில்லை. தேத்தண்ணிக் கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். காமினியும் போய்விட்டான்.

மாவட்டச் சட்டை சிவபாலனின் அலுமாரியில் மடித்தபடி இருக்கிறதாம். இருக்கட்டும். ஆற்றுத் தண்ணீர் ஒரு நாளும் படாத சட்டை அது. அந்தச் சனிக்கிழமை இன்னொரு தரம் வந்தாலும் காமினி ஓடுவான். நான் அவனுக்குத்தான் கொடுப்பேன். பிசகினால் குதிப்பேன்.