பிரித்து விற்ற வண்டி

என் வீட்டுக்காரர் வெற்றிவேல் வம்புதும்புக்குப் போகாத மனுஷன். முத்தியால்பேட்டையில் சின்ன பைக் மெக்கானிக் கடை. அதை விட்டால் வீடு. அவர் போய், "பிட் பைக் ஒண்ணு கட்டப்போறேன் சங்கரி" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இடுப்பு உயரம்கூட இல்லாத குட்டி வண்டி, மண்மேட்டில் குதித்து ஓட்டுவதாம். நாற்பது வயதில் இந்தக் கூத்து தேவையா என்று கேட்டேன்.

உள்ளுக்குள் எனக்குப் பயம். அவர் தம்பி நெடுமாறன், வீட்டில் மாறன் என்போம், மரக்காணம் ரோட்டில் பைக்கோடு லாரியில் அடிபட்டுச் செத்தான். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. உயிரைக் குடித்த வண்டியை முழுசாக விற்கக் கூடாது, பிரித்து மூலைக்கொன்றாகத் தள்ளிவிட வேண்டும். ஒன்று சேர்ந்தால் வீடு தேடி வந்துவிடும் என்பார்கள். என் மாமியார் அஞ்சலாட்சி அழுதுகொண்டே சொல்ல, இவர்தான் அந்த வண்டியைக் கழற்றி, கடலூர், விழுப்புரம், திண்டிவனம் என்று ஊருக்கொரு கடையில் போட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு தம்பி பேரை எடுத்ததே இல்லை.

பிட் பைக்குக்குச் சட்டமும் சக்கரமும் புதிதாக வாங்கினார். மற்றதெல்லாம் பழைய சாமான். முதலில் ஹேண்டில்பார் வந்தது. பிரேக் பிடியில் மஞ்சள் டேப், மாறன் சுற்றுவது போலவே. உலகத்தில் அவன் ஒருத்தன்தான் டேப் சுற்றினானா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் சைலன்சர் வந்தது. அதன் அடியில் மாறன் வைத்த வெல்டிங் ஒட்டு.

"என்னாங்க, தேடித் தேடி வாங்கிட்டு வர்றீங்களா?"

"நான் தேடல சங்கரி. இது மூலக்குளத்துல ஒரு கடையில கெடைச்சுது. அங்க நான் எதையும் போடவே இல்ல. எங்க கைய வச்சாலும் அவன்துதான் வருது."

"அப்ப இது வேணாம், விட்டுடுங்க. ஒரு புள்ளைய வாரிக் குடுத்துட்டோம். நீங்களாவது எனக்கு வேணும்."

தலையாட்டினார். மறுவாரம் என்ஜினோடு வந்து நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் வைத்து உதைத்தார். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. திக்கித் திக்கி இருமிவிட்டு ஓடும், மாறன் வண்டியின் அதே சத்தம். தெருவில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். மாமியார் ஈரக்கையோடு வெளியே வந்தார். அவர் முகத்தில் பயமே இல்லை.

"ஏன்டா மாறா, இவ்ளோ நேரமா? சோறு ஆறிப்போவுது, வா."

பாவம், அத்தைக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தேன். இவர் எடுத்துச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் என்ஜினை அணைத்தார்.

"வர்றேம்மா" என்று உள்ளே போனார்.

ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். திரும்பவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரை என் வாயால் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"வெற்றிவேல்."

சோற்றில் கையை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணன் இன்னும் வரலியே, அண்ணி" என்றார்.