பின் இருக்கையிலிருந்து நான் செய்த சமாதானம்

அலுவலக வேலையாக லண்டனில் மூன்று வாரம், ரெய்னர்ஸ் லேனில் அறை. கடைசி ஞாயிறு மட்டும் ஓய்வு. அரண்மனையையாவது பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். அன்று உக்ரைன் போர் பற்றிப் பேச ஐரோப்பியத் தலைவர்கள் அதே வட்டாரத்தில் கூடுகிறார்கள் என்பது தெரியும். அவர்கள் வரும் கருப்புக் கார் வரிசையைப் படம் எடுக்கும் ஆசையும் இருந்தது.

தண்டவாள வேலை நடந்ததால் எங்கள் பக்கம் ரயில் இல்லை. காலை 9.20க்கு வாடகைக் கார். பன்னிரண்டு மைல், நாற்பது பவுண்டு. ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். முன் இருக்கையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். பெயர் ஒலேனா, உக்ரைன்காரர், மூன்று வருடமாகத் தன் வீட்டில்தான் தங்கியிருக்கிறார், அவரும் அந்தப் பக்கம் வருகிறார், பரவாயில்லையா என்று ஓட்டுநர் கேட்டார். பெரிய மனது பண்ணிச் சரி என்றேன்.

வாய் சும்மா இருக்குமா? ஹேங்கர் லேன் வருவதற்குள் தமிழில் ஆரம்பித்துவிட்டேன்.

"ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்துட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதுதானே அண்ணா? இவங்க வீம்புக்கு ஊரெல்லாம் விலைவாசி ஏறுது."

"அதை விடுங்கோ தம்பி" என்றார் ஓட்டுநர். விட்டேனா? எல்லைக்கோடு எங்கே போடலாம், யார் யாருக்கு உத்தரவாதம் தரலாம் என்று இருபது நிமிடம் வகுப்பெடுத்தேன். முன்னால் இருப்பவருக்குப் புரியாது என்ற தைரியம்தான். லண்டன் வந்த நாளிலிருந்து ரயிலிலும் கடையிலும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். நீங்களும் பேசியிருப்பீர்கள்.

10.25க்கு ஹைட் பார்க் முனையில் போலீஸ் தடுப்பு. அங்கேயே இறங்கினோம். ஒலேனா பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து விரித்தார். அதில் ஓர் ஊரின் பெயர், கீழே வயதான ஒரு பெண்ணின் படம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, நீங்கள் சொன்ன துண்டிலதான் என்ர அம்மா இருக்கிறா. நாலு மாசமா அவவோட போனிலயும் கதைக்கேலாமல் கிடக்கு."

மூன்று வருடம் ஒரு தமிழ் வீட்டுச் சமையலறையில் புழங்கியவர். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் தடுப்போரம் அட்டைகளோடு நின்ற கூட்டத்துக்குள் போய்விட்டார். "எங்களுக்கும் அப்ப ஆக்கள் இப்பிடித்தான் தீர்வு சொன்னவை" என்றார் ஓட்டுநர், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் தேவலை.

12.10க்குக் கார்கள் வந்தன. ஒலேனா அட்டையை உயர்த்திப் பிடித்தார். எல்லாக் கார்களிலும் கருப்புக் கண்ணாடி. உள்ளிருந்தவர்கள் பார்த்தார்களா, தெரியாது. நான் கைபேசியை வெளியே எடுக்கவில்லை.

போகிறவர்களுக்கு: மாநாட்டு நாளில் அரண்மனைப் பக்கம் கார் போகாது. ஹைட் பார்க் முனையிலிருந்து பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். குடை அவசியம். வெளியூரில் தமிழ் பேசும்போது அக்கம்பக்கம் பாருங்கள் என்றும் எழுதலாம்தான். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாமல் இருந்திருந்தால், நான் கார் படங்களோடு சந்தோஷமாக அறைக்குத் திரும்பியிருப்பேன். என்னைக் கூசவைப்பது அதுதான்.