ரெண்டு கம்பி போதும்

என் கொழுந்தனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னிடம் நியாயம் பேச வரக் கூடாது.

என் வீட்டுக்காரர் போன பிறகு, சேந்தமங்கலத்தில் கொழுந்தன் வீட்டு அடுப்படியே கதியென்று கிடந்தேன். அத்தனை பேருக்கும் பொங்கிப் போட்டுவிட்டுக் கடைசியில் ஆறின சோற்றைத் தின்ன வேண்டும். கொல்லிமலையில் பாகம் பிரித்தபோது ரோட்டோர நிலம் எங்களுக்கு வந்திருந்தது. கொழுந்தனுடையது அதற்குப் பின்னால். என் பங்கில் பத்து அறை வைத்து ஒரு லாட்ஜ் கட்டினேன். அது ஓடினால் நான் மனுஷி. ஓடாவிட்டால் மறுபடியும் அந்த அடுப்படி.

கட்டடம் எழும்பியதும் கரண்ட் பேச்சு வந்தது. அங்கே ஓடியது வீடுகளுக்கான ரெண்டு கம்பி லைன், சிங்கிள் பேஸ். த்ரீ பேஸ் வேண்டுமென்றால் டிரான்ஸ்பார்மரிலிருந்து நாலு கம்பி இழுத்து வர வேண்டும். வயரிங் செய்தவர் த்ரீ பேஸ்தான் தாங்கும் என்றார். கரண்ட் ஆபீசுக்கு அலைய ஓர் ஆம்பளை வேண்டுமே என்று கொழுந்தனை அனுப்பினேன்.

போய்விட்டு வந்து, "ரெண்டு கம்பியே போதுங்க அண்ணி. நம்ம ஊட்டுல எல்லாரும் ஒரே நேரத்துலயா குளிக்கறோம்? ஒருத்தர் மாத்தி ஒருத்தர்தானுங்களே," என்றான்.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. வீட்டுக் கணக்கைத் தவிர வேறு கணக்கு எனக்கு என்ன தெரியும்?

ஆடிப் பெருக்கன்று தெரிந்தது. மலையேறி வந்தவர்கள் குளிக்காமல் கோயிலுக்குப் போவார்களா? மூடுபனி விலகும் முன்னே பத்து அறையிலும் ஒரே சமயத்தில் வாட்டர் ஹீட்டரைப் போட்டார்கள். விளக்கெல்லாம் மினுக் மினுக்கென்றது. சமையலறையில் கிரைண்டர் முனகிக்கொண்டே நின்றது. அப்புறம் கம்பத்தில் பியூஸ் போயிற்று. தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு ஒருவர் படியில் நின்று கத்தினார் பாருங்கள், இன்னும் என் காதில் இருக்கிறது. மத்தியானத்துக்குள் லாட்ஜ் காலி.

கொழுந்தன் வாசலில் நின்று சிரித்தான்.

"த்ரீ பேஸ் வேண்டாம்னு ஆபீஸ்ல சொன்னதே நாந்தானுங்க. எப்படியும் நம்ம ஊட்டுக்கே திரும்பி வரப் போறீங்க, அப்புறம் எதுக்குங்க வீண் செலவு?"

இருடா மவனே, உனக்கு இருக்குது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். காதில் கழுத்தில் கிடந்ததை விற்று நாலு கம்பி இழுத்தேன். அறைகளை மூன்றாகப் பிரித்து மூன்று பேஸுக்கும் பகிர்ந்து போட்டார்கள். அதற்குப் பிறகு பத்து ஹீட்டரும் சேர்ந்து ஓடினாலும் ஒரு விளக்குக்கூடக் கண் சிமிட்டவில்லை. லாட்ஜ் நிரம்பியது.

அது அவனுக்குப் பொறுக்குமா? பின் நிலத்தில் அவனும் ஒரு லாட்ஜ் கட்டினான். பழைய ரெண்டு கம்பி அவன் நிலம் வரை போயிருந்தது. நாலு கம்பி போக வேண்டுமென்றால் என் நிலத்தில் புதிதாகக் கம்பம் நட வேண்டும். அதற்கு என் சம்மதக் கையெழுத்து வேண்டும். மைசூர்பாக்கு டப்பாவோடு வந்து நின்றான்.

"ஏனுங்க தம்பி, உங்களுக்கெதுக்கு நாலு கம்பி? ரெண்டு போதும். எல்லாரும் ஒரே நேரத்துலயா குளிக்கப் போறாங்க?"

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! டப்பாவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். மைசூர்பாக்கு நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஆடிக் கூட்டத்தன்று விடியும்போதே காப்பியோடு கொல்லைப்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நினைத்தபடியே அவன் லாட்ஜ் விளக்குகள் மினுக்கிச் செத்தன. வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடிக்கும் முன் புகை வந்தது. அவன் பெண்டாட்டி மூன்று கல்லைக் கூட்டி, விறகு வைத்து, அறை அறைக்கும் அண்டாவில் சுடுதண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. அந்த வீட்டில் எனக்கென்று சூடான சோறு ஒளித்து வைத்தவள் அவள் ஒருத்திதான். நான் அவனுக்குக் கொடுத்த அடி இவள் மேல் விழுந்துவிட்டதே என்று காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வேலியோரம் கூப்பிட்டேன். "கண்ணு, லாட்ஜை உம்பேருக்கு எழுதித் தரச் சொல்லு. அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

"அவரு ஒத்துக்குவாருங்களாக்கா?"

"ஒத்துக்கலீன்னா அடுப்ப விட்டு எந்திரிச்சுப் போ. சுடுதண்ணிய அவனே போடட்டும்."

கேட்டிருக்கிறாள், அவன் ஒத்துக்கொள்ளவில்லை; அடுப்பை விட்டு எழுந்து போனாள். விசேஷத்துக்கு விசேஷம் அவன் லாட்ஜ் காலியாகக் கிடந்தது. முறுக்கிக்கொண்டு பார்த்தான், முடியவில்லை. போன மாதம் பத்திர ஆபீசுக்குப் போய் அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். நானும் சொன்ன சொல் தவறவில்லை. கம்பம் நட்டாயிற்று, நாலு கம்பியும் போயாயிற்று.

விளக்கு எரிந்த அன்று கொழுந்தன் என் வாசலில் வந்து நின்றான். "இனி நான் என்னங்க அண்ணி பண்றது?"

"அடுப்படி காலியாத்தான் இருக்குதுங்க தம்பி," என்றேன்.