ஏழு பேருக்கு ஒரு ஷூ: ஆம்பூர் விளையாட்டு அருங்காட்சியகத்தில் ஒரு காலை

பொங்கல் கழிந்த புதன்கிழமை எங்கள் பழைய பளு தூக்கும் செட்டின் வாட்ஸப் குழுவில் ஒரு ஷூ படம் வந்தது. பழுப்புத் தோல், மரக் குதிகால், பக்கத்தில் ஒரு அட்டை: ‘ஏழு பேர் மாட்டிய ஒரே ஜோடி.’ நாங்கள் ஆம்பூரில் பயிற்சி எடுத்த கொட்டகையையே வட்டார வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்குமான அருங்காட்சியகமாக்கி இருக்கிறார்களாம். பொறுப்பாளர் இக்பால். அந்தப் பெயரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். சனிக்கிழமை காலை கிளம்பிவிட்டேன்.

நான் இருப்பது காவேரிப்பாக்கம். 6.40 பஸ், வேலூருக்கு 40 ரூபாய். 7.55க்கு இறங்கி, பஸ் ஸ்டாண்டு வாசலில் இரண்டு இட்லி, ஒரு வடை (35 ரூபாய், சாம்பார் சுமார்தான்). 8.20க்கு ஆம்பூர் பஸ், 48 ரூபாய். இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், காலை வெயில் அங்கேதான் அடிக்கும். கண்டக்டர் பேச்சுக்கார ஆள்.

“இன்னா சார், பிரியாணிக்கா?”

“மியூசியத்துக்கு.”

“ஆம்பூர்ல மியூசியமா? இருவது வருசமா இந்த ரூட்டுல வர்றேன், எனக்கே தெரியாது சார்.”

பள்ளிகொண்டா டோல்கேட்டில் பத்து நிமிடம் நின்று, 9.40க்கு ஆம்பூர். வீட்டிலிருந்து மொத்தம் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். இதைக் கடக்க எனக்கு முப்பத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது. வெட்கமும் பயமும் சேர்ந்தால் மனுஷன் எதையும் தள்ளிப்போடுவான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ 15 ரூபாய். “பழைய பளு கொட்டா” என்று சொன்னால் போதும், அருங்காட்சியகம் என்றால் டிரைவர் முழிப்பார். ஊர் மாறித்தான் போயிருக்கிறது. ஆனால் தோல் பதனிடும் ஷாப்பு இருக்கும் தெருவில் திரும்பியதும் அந்த வாடை மூக்கில் ஏறியது. வெளியூர்க்காரர்கள் கர்ச்சீப்பை எடுப்பார்கள். எனக்குப் பதினெட்டு வயது திரும்பி வந்தது. நிஜமாகவே கண் கலங்கிவிட்டது, வாடையால் அல்ல.

கொட்டகை இப்போது இரண்டு அறை. முதல் அறையில் தோல் ஷாப்பு டீம்கள் ஆடிய ஃபுட்பால், ஒட்டுப் போட்டுத் தைத்தது. மாநில அளவில் ஓடிய ஒரு பெண்ணின் ஸ்பைக்ஸ். கபடிக் கோச் ஒருவரின் விசில், அதன் வாயில் பல் பட்ட தடம்கூட இருக்கிறது. பெரிய கோப்பைகள் கிடையாது. எல்லாம் தேய்ந்த சாமான்கள், அதனாலேயே நின்று நின்று பார்த்தேன்.

நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ஷூ. அதன் கதை இது. பளு தூக்குகிறவனுக்குக் குதிகால் உயர்ந்து, அமுங்காத ஷூ வேண்டும். வாங்க எங்கள் ஏழு பேருக்கும் வழியில்லை. இக்பாலின் அப்பா ஷூ கம்பெனியில் வேலை செய்தவர். ஏற்றுமதியில் ரிஜெக்ட் ஆன தோலை வைத்து, மரக் குதிகால் அடித்து, ஒரே ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். எட்டாம் நம்பர். சின்னக் கால்காரன் துணி திணித்துக்கொள்வான், பெரிய கால்காரன் பல்லைக் கடித்துக்கொள்வான். ஒருவன் தூக்கிவிட்டு வந்ததும் லேஸை அவிழ்த்து அடுத்தவனிடம் கொடுத்துவிட வேண்டும். போட்டியிலும் அப்படித்தான்.

வேலூரில் மாவட்டப் போட்டி. நானும் இக்பாலும் ஒரே எடைப் பிரிவு. ஒருவனுக்குத்தான் மாநிலப் போட்டியில் இடம். கடைசி வாய்ப்பில் நான் நூற்றிரண்டரை கிலோ தூக்கிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்து இக்பாலின் கடைசி வாய்ப்பு, நூற்றைந்து. தூக்கினால் அவன்தான் போவான். பேர் கூப்பிட்டால் ஒரு நிமிடத்துக்குள் தூக்கியாக வேண்டும். எதிரில் கையை நீட்டிக்கொண்டு நின்றான். நான் லேஸைப் பிடித்துக்கொண்டு, “முடிச்சு விழுந்துடுச்சுடா” என்றேன். முடிச்சே விழவில்லை. அவன் சாதா கேன்வாஸ் ஷூவோடு ஓடினான். பாரை நெஞ்சு வரை கொண்டுவந்தான். தலைக்கு மேலே ஏற்றும்போது குதிகால் அமுங்கிச் சறுக்கி, பார் விழுந்தது.

நான் மாநிலத்துக்குப் போனேன். அங்கே ஒன்றும் கிழிக்கவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலை கிடைத்தது. வீடு, சம்பளம் எல்லாம் அதில் வந்ததுதான். இக்பால் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனுக்குப் போனான்.

பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். இக்பால்தான். முடி நரைத்திருக்கிறது, தோள் மட்டும் அப்படியே.

“டேய் சேகரு! இப்பதான் வழி தெரிஞ்சுதா தோஸ்த்?”

அவன் கட்டிப்பிடித்ததும் எனக்குத் தாங்கவில்லை. ஊர் விசாரிப்புகூட முடியவில்லை, அந்த ஷூ முன்னாலேயே போட்டு உடைத்துவிட்டேன். “அன்னிக்கு முடிச்சு விழலடா. வேணும்னேதான் குடுக்கல.”

துடைக்கிற துணியை மடித்தான். பிறகு சிரித்தான்.

“இதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்த? நூத்தியஞ்ச நான் பிராக்டீஸ்ல கூட ஒரு தபா தூக்கனது இல்லடா. வீம்புக்கு எழுதிக் குடுத்துட்டேன். ஷூ மாட்டியிருந்தாலும் விழுந்துதான் இருக்கும். கேன்வாஸ் மேல பழிய போட்டுட்டு நான் தப்பிச்சேன். நீ இன்னாத்துக்கு பேஜார் ஆவுற?”

எனக்கு அப்படியே உடம்பு லேசானது. கொஞ்சம் கோபமும் வந்தது, இத்தனை வருடம் சும்மாவா புழுங்கினேன் என்று. டீ வாங்கி வருகிறேன் என்று அவன் வெளியே போனான். நான் விசிலடிக்காத குறையாக இரண்டாவது அறைக்குள் நுழைந்தேன்.

அங்கே மேஜைமேல் எங்களுக்குப் பளு தூக்கக் கற்றுக்கொடுத்த மாஸ்டரின் பயிற்சி நோட்டுகள். யார் வேண்டுமானாலும் புரட்டலாம். எங்கள் வருடத்தை எடுத்தேன். தினமும் யார் எவ்வளவு தூக்கினான் என்று நீல மையில் எழுதி, சரியாகத் தூக்கியதற்கு டிக் போட்டிருக்கிறார். போட்டிக்கு முந்தைய வாரத்தில் என் பேருக்கு நேரே நூற்றிரண்டரை, ஒரு டிக். அதற்குக் கீழே இக்பால். திங்கள் நூற்றைந்து, டிக். புதன் நூற்றைந்து, டிக். வியாழன் நூற்றேழரை, டிக்.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். உட்கார நாற்காலி இல்லை, சுவரில் சாய்ந்துகொண்டேன்.

இக்பால் இரண்டு கிளாஸோடு வந்தான். நோட்டையும் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

“அத இன்னா பாக்கற? மாஸ்டர் கையெழுத்து ஒண்ணும் புரியாது. டீ ஆறுது, குடி.”

குடித்தேன். சர்க்கரை ஜாஸ்தி. பன்னிரண்டரை வரை பழைய கதை பேசினோம், நோட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை.

போகிறவர்களுக்கு: காலை 10 முதல் 1, மாலை 3 முதல் 6. வெள்ளிக்கிழமை விடுமுறை. கட்டணம் இல்லை. போட்டோ எடுக்கலாம். முதல் அறையோடு திரும்பிவிடாதீர்கள், நோட்டுகளுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ அந்தப் பக்கம் ஆடியவர் என்றால் அவர் பேரும் இருக்கலாம். பிரியாணியைப் பற்றி நான் எழுத மாட்டேன், எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அன்று எனக்குச் சாப்பாடும் இறங்கவில்லை.

இக்பாலின் மகள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாள் என்று அவன்தான் சொன்னான். அப்பாவுக்கு வாசித்துக் காட்டும்மா. மாஸ்டர் கையெழுத்து எனக்கு நன்றாகவே புரிந்தது என்று சொல்.