மாவு மாப்பிள்ளையின் வெள்ளரிக்கொடி

மாவு மாப்பிள்ளை என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் தங்கை வீட்டுச் சமையலறையில். அவள் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். பெண்ணின் அண்ணன் வெளியே போய் விசாரித்துவிட்டு வந்தான்.

"பையனுக்கு மாவு மில்லுல வேலை. தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை. ரோட்டுல வந்தா சுண்ணாம்படிச்ச சுவரு நடந்து வர்ற மாதிரி இருக்கு" என்றான். சிரித்துச் சிரித்துத் தங்கைக்குப் புரையேறிவிட்டது. அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான் அது.

முறை தேடிப் பார்த்ததில் அவர் என் ஓர்ப்படியின் தம்பி மனைவிக்குச் சித்தப்பா மகன். அந்த வழியாக எனக்கு என்ன முறை வேண்டும் என்பது எனக்கு இன்றும் பிடிபடவில்லை. அவர் அத்தை என்று கூப்பிட்டார், நானும் சரியென்று விட்டுவிட்டேன்.

கல்யாணமான புதிதில் மில்லுக்குப் பின்னாலேயே இரண்டு அறையில் குடித்தனம். எந்திரம் ஓடினால் தட்டு, தலையணை, தண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் மாவு படியும். என் தங்கை மகள் ஜன்னலோரத்தில் வெள்ளரியும் ரோஜாவும் தொட்டியில் வைத்திருந்தாள். காலையில் எழுந்ததும் ஓர் இலையில் விரலை இழுத்துப் பார்ப்பாள். இன்றைக்கு எவ்வளவு மாவு பறக்கிறது என்பதற்கு அவளுக்கு அதுதான் கணக்கு. கொஞ்ச நாளில் அவளுக்கு இளைப்பு வந்தது. மூச்சு இழுக்கும்போது பக்கத்து அறையில் கேட்கும். மாவுத் தூசிதான் காரணம் என்றார் டாக்டர். அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போனான்.

போகும்போது புருஷனிடம் சண்டை போடவில்லை. "மாவு இல்லாத வீடா பாருங்க. என் செடி இலை சுத்தமா இருந்தா நான் வந்துடுவேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் நாலைந்து தெரு தள்ளி ஒரு மாடி வீடு பிடித்தார். கீழே ஒரு தையல்காரம்மா, மேலே இவர். மனைவியின் தொட்டிகளை மார்போடு அணைத்துத் தூக்கிப்போய் பால்கனியில் வைத்தார். மில்லிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வந்தார். செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டார். வெள்ளரி கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறியது. சரி, பெண் வந்துவிடுவாள் என்று நாங்களும் நினைத்தோம்.

அப்புறம் ஒருநாள் வெள்ளரி இலையில் வெள்ளையாக ஒரு பொட்டு. அடுத்து இன்னொன்று. ஈரத்துணியால் துடைத்தார். அதே துணியால் ரோஜாவையும் துடைத்தார். சில நாளில் ரோஜாவிலும் வந்தது.

மனுஷனுக்குத் தலை சுற்றியது. மாவைத் தெரியாதவரா அவர்? ஒரு சிட்டிகை எடுத்து உருட்டினால் எந்தத் தானியம், எத்தனை தரம் அரைத்தது என்று சொல்லிவிடுவார். தண்ணீர் பட்டால் மாவு பிசுபிசுக்க வேண்டும், இது பிசுபிசுக்கவில்லை. அதையும் கவனித்தார். ஆனால் மனைவி மூச்சு இழுத்தது காதிலேயே நின்றுகொண்டிருந்ததால், வெள்ளையாக எதைக் கண்டாலும் அது தன் குற்றம் என்றே அவருக்குப் பட்டது. சல்லடையைத் தாண்டிப் பறக்கிற பொடியிலும் பொடி, தன் மேலே ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது என்று முடிவுகட்டினார்.

மில்லில் கூட வேலை செய்கிறவன், "உன் தலைமுடியிலதான்யா இருக்கும்" என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறான். மறுநாள் மொட்டைத் தலையோடு வந்து நின்றார். அதன்பிறகும் இலையில் வெள்ளை. பிறகு தெருவிலிருந்து பறந்து வருகிறதோ என்று சந்தேகம். பால்கனியைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் திரை கட்டினார். தொட்டிகளையெல்லாம் ஒரே மூலையில் நெருக்கி வைத்து, தினமும் இலையோடு துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பெருகியது. கிழட்டு இலைகள் மஞ்சளாகிச் சுருண்டன.

நான் போயிருந்தபோது கேட்டார்: "அத்தை, நான் இன்னும் எதைக் கழுவணும்?"

எனக்கு மட்டும் என்ன தெரியும்? நானும் விரலை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் வந்தது.

அந்தச் சமயம் பார்த்து என் தங்கை மகளை அவள் அண்ணன் அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். சொல்லிவிட்டு வரவில்லை. நானும் அங்கே இருந்தேன். அவள் நேரே பால்கனிக்குப் போனாள், இலையில் விரலை இழுத்தாள், விரலைப் பார்த்தாள்.

"சுத்தமாத்தான் வரேன். சத்தியமா" என்றார் அவர், மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே.

"முதல்ல இந்தத் திரையைக் கழட்டுங்க. எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். கழட்டினார். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அண்ணனிடம் போகலாம் என்று கண்ணைக் காட்டிவிட்டுப் படி இறங்கினாள். அவர் திரையைக் கையில் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்.

படி முடிகிற இடத்தில், சுவரோர நிழலில், தையல்காரம்மாவின் பூசணிக்கொடி. அவள் அங்கே நின்றுவிட்டாள். குனிந்து ஓர் இலையில் விரலை இழுத்தாள். அதே வெள்ளை.

"அக்கா, உங்க வீட்டுல யாரு மில்லுக்குப் போறாங்க?"

தையல்காரம்மா கத்திரிக்கோலும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "மில்லா? அது சாம்பல் நோயிம்மா, செடிக்கு வர்ற பூஞ்சை. காத்து வெயில் படாம நெருக்கமா இருந்தா பிடிக்கும். ஒண்ணுக்கு வந்தா அடுத்ததுக்கும் பரவும்."

முதலில் வாய் திறந்தவன் அண்ணன்தான். "அப்ப மாப்ள, இந்த மொட்டை எதுக்கு?"

அவள் சிரிக்கவில்லை. விரலை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். "மாவு வாசனையே இல்லயே" என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு பையை அவர் கையில் கொடுத்துவிட்டு மேலே ஏறினாள். செடி தேறுகிற வரைக்கும் இருக்கிறேன் என்று சொல்லி அண்ணனை அனுப்பிவைத்தாள்.

வைத்தியத்திலும் ஒரே குழப்பம். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வெயில் நேரத்தில் தெளி என்றாள் தையல்காரம்மா. நர்சரிக்காரர் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து சாயங்காலம் அடி, வெயிலில் அடித்தால் இலை கருகும் என்றார். இலையை நனைக்காதே, தண்ணீரைக் காலையில் வேரில் ஊற்று என்றும் அவரே சொன்னார். நனைக்காமல் எப்படித் தெளிப்பது என்று மாப்பிள்ளை என்னிடம் வந்து கேட்டார். நான் என் பெரிய மருமகளைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் செய்தார்கள். வெள்ளை முற்றிய இலைகளைக் கிள்ளி, தொட்டியிலேயே போடாமல், பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினார்கள். தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். பால் ஒரு நாள், எண்ணெய் இன்னொரு நாள். புது இலை பச்சையாக வந்தது. எந்த வைத்தியம் கேட்டது என்று இருவருக்குமே தெரியாது. அவள் இளைப்பு குறைந்தது வீடு மாறியதாலா, அவர் குளித்துவிட்டு வருவதாலா என்பதும் தெரியாது. அதனால் எதையும் நிறுத்தப் பயம், இன்றுவரை எல்லாவற்றையும் செய்கிறார்கள்.

அவர் இப்போதும் அந்த மாடி வீட்டில் மனைவியோடுதான் இருக்கிறார், அதே மில்லுக்குத்தான் வேலைக்குப் போகிறார்.